அணைத்து வைத்த ஹீட்டர்

வாட்டர் ஹீட்டர் பழுதாகிவிட்டது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்களிடம் நான் நான்கு கேள்விகள் கேட்பேன். வாங்கி எத்தனை வருடம் ஆகிறது? ஒழுகுவது குழாய் இணைப்பிலா, டேங்கின் அடியிலா? வீடு சொந்தமா, வாடகையா? வாடகை என்றால், பெரிய பழுது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? இந்த நான்குக்கும் பதில் கிடைத்துவிட்டால் செலவை ஏறக்குறையப் போனிலேயே சொல்லிவிடலாம். கட்டடப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் எஸ்டிமேட் எழுதுவதுதான் என் வேலை. ஐந்தாவதாக ஒரு கேள்வியும் உண்டு. கோடையில் அணைத்து வைத்திருக்கும்போது உங்கள் ஹீட்டர் என்ன செய்கிறது? படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும். துபாயில், கராமாவில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை. மே மாதம் பிறந்ததும் அந்த வீட்டில் எல்லாம் தலைகீழாகிவிடும். பகலெல்லாம் திரைச்சீலை மூடியிருக்கும், வெளிச்சம் போன பிறகு திறக்கும். பகலில் தூக்கம் வரும், இருட்டியதும் விளையாடத் தோன்றும். குளியலறையில் நீலப் பொட்டு வைத்த குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும், சிவப்புப் பொட்டு வைத்த குழாயில் குளிர்ந்த நீர் வரும்.

மொட்டை மாடித் தொட்டி நாள் முழுக்க வெயிலில் வேகும். நீலக் குழாய்க்கு அந்தத் தண்ணீர் நேராக இறங்கிவிடும். சிவப்புக் குழாய்க்கு வரும் தண்ணீரோ, குளியலறைக் கதவுக்கு மேலே தொங்கிய வெள்ளை ஹீட்டருக்குள் தங்கித்தான் வர வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டால், ஏசி ஓடும் வீட்டுக்குள் இருப்பதால், அதற்குள் இருக்கும் தண்ணீர் மெல்ல ஆறும். சூட்டை வெளியே விடாமல் காப்பதற்கென்றே செய்த உறை என்பதால் ஆறுவதற்கு இரண்டு நாளாவது பிடிக்கும். அந்தக் கோடையில் குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீரைப் பார்க்க அது ஒன்றுதான் வழி. எங்கள் கட்டடத்தில் இது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் இது கோடையின் ஏற்பாடு என்று தெரியவில்லை. உலகம் முழுவதும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பள்ளியில் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொன்னபோது வெந்நீர்க் குழாய்க்கு நீலம் தீட்டிவைத்தேன். டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்திருந்தால் அடித்திருக்கமாட்டார் என்று எனக்குப் பட்டது.

அந்தக் குளிர்ந்த தண்ணீர் எங்களுக்கு இல்லை, மாமாவுக்கு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அல் கூஸில் கம்பெனி கேம்பில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு இருந்தார். பிளம்பிங் வேலை. வாரம் முழுக்கப் பெரிய பெரிய வில்லாக்களில் ஹீட்டர் மாட்டுவார், குழாய் இணைப்பார். கேம்புக்குத் திரும்பினால் முற்றத்தில் இரும்புக்கால்களின் மேல் நிற்கும் தொட்டித் தண்ணீரைக் கையால் தொட முடியாது. பெயிண்ட் டப்பாக்களில் பிடித்து வரிசையாக வைத்து ஆறவிடுவார்களாம். விடியற்காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது, ஆறிய டப்பாவை யாராவது முந்திக்கொண்டு எடுத்திருப்பார்களாம். மாமா இதைச் சிரிப்புக் கதை போலச் சொல்வார். அம்மா சிரிக்கமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலையானால் அம்மா பழைய துப்பட்டாக் கிழிசல் ஒன்றைச் சிவப்புக் குழாயின் கழுத்தில் முடிந்துவிடுவாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை வரை யாரும் அதைத் தொடக் கூடாது, திறந்தால் மாடித் தொட்டியின் சுடுதண்ணீர் ஹீட்டருக்குள் இறங்கிவிடும். நாங்கள் வாளியில் பிடித்து ஆறவைத்துக் குளித்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை, பஸ் பிடித்து வருவார். அவர்தான் முடிச்சை அவிழ்ப்பார். அவர் குளிக்கும்போது கதவுக்கு வெளியே உட்கார்ந்து, ஊற்றிக்கொள்ளும் கோப்பைகளைச் சத்தத்தை வைத்து எண்ணுவேன். பெரும்பாலும் நாற்பதைத் தொடும். பிறகு தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்து, ஹாலில் ஏசிக்கு நேராகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

“ஐஸ் மாதிரி இருந்துச்சுக்கா” என்பார். ஒவ்வொரு வாரமும் அதே வாக்கியம்.

“தலையத் துவட்டுடா. தரையெல்லாம் தண்ணி” என்பாள் அம்மா. அதுவும் அதே வாக்கியம்தான்.

தரையைத் துடைப்பது என் பொறுப்பு. பட்டியல் போடும் பழக்கம் எனக்கு அப்போதே வந்துவிட்டது. ஒரு நோட்டில் வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு பக்கம் வைத்திருந்தேன். சோப்பு, துண்டு, துடைப்பான் என்று மூன்று கட்டம். வேலை முடிந்ததும் டிக். இதைப் பார்த்துவிட்ட நாளிலிருந்து மாமா என்னைச் சூப்பர்வைசரம்மா என்றுதான் கூப்பிடுவார். சைட்டில் அவருடைய சூப்பர்வைசர்கூட இவ்வளவு எழுதமாட்டார் என்பார்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, குளிக்கப் போன மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். தோளில் காவி நிறத்தில் ஒரு சொட்டு விழுந்திருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, ஹீட்டரின் அடியில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். அப்பா கீழே நின்று, வால்வை மாற்றினால் போதாதா என்று கேட்டார். அப்பா ஒரு டிரேடிங் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். எந்தப் பொருளும் உதிரிபாகத்தோடு முடிந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

மாமா இறங்கி வந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதினார். வால்வு, எலிமெண்ட், தெர்மோஸ்டாட், டேங்க்.

“மொத மூணுன்னா நானே வாங்கியாந்து மாட்டிருவேன் மச்சான், சாயா காசுதான். இது நாலாவது. டேங்கே ஓட்டை. இதுக்கு மேல அந்த மூணையும் மாத்திப் பிரயோசனமில்ல. வெல்டு வெச்சுத் தாரேன்னு எவனாவது வருவான், காசு குடுத்துறாதீங்க. மாசம் தாங்காது.”

பிறகு வாடகை ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொன்னார். சின்னப் பழுது வாடகைக்காரர் செலவு, வீட்டோடு சேர்ந்த சாமான்கள் மாற்றுவது ஓனர் செலவு என்று இருந்தது. அப்பா கீழே போய் நாத்தூரிடம், அதாவது கட்டடக் காவல்காரரிடம், கேட்டுவிட்டு வந்தார். நாத்தூர் இரண்டே சொல்லில் முடித்துவிட்டாராம்: அர்பாப் மாஃபி. ஓனர் இங்கே இல்லை. வசதியுள்ளவர்கள் எல்லாரையும் போல அவரும் வெயிலுக்குப் பயந்து வெளிநாடு போயிருந்தார். வெயில் தணிந்தால்தான் வருவார்.

புதிதாக ஒன்றை நாமே வாங்கி மாட்டிவிடலாம் என்றாள் அம்மா. அப்பா சிரித்தார்.

“ஆகஸ்டு மாசம் ஹீட்டர் வேணும்னு போய் நின்னா, கடைக்காரன் என்னைய உக்கார வெச்சுத் தண்ணி குடுப்பான். வெயில் மண்டைக்கு ஏறிருச்சுன்னு நெனைப்பான்.”

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா காலண்டர் தாளை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். மச்சான் சொல்வதுதான் சரி, ஓனர் வந்தால் அவர் காசிலேயே புதுசு வந்துவிடும், ஹீட்டரே தேவைப்படாத மாசத்தில் எதற்கு வீண் செலவு என்றார். ஒரு தேர்ந்த தொழில்காரர் சொல்ல வேண்டியதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். இன்று என்னிடம் யாராவது அதே நிலைமையோடு வந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசின.

டேங்கைக் காலி செய்ய வேண்டியிருந்தது. உள்ளே மூன்று நாளாக ஆறிக் கிடந்த தண்ணீர். மாமா ஒரு ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கவுனோடு போய் நின்றேன். தலையில் தண்ணீர் விழுந்தது. வீட்டுக்குள், நான்கு சுவருக்கு நடுவே, எங்கிருந்தோ வந்து விழும் மழை. பல்புக்குக் கீழே ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் கத்தினேன், சுற்றினேன், வாயைத் திறந்து பிடித்தேன். கடைசியில் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியபோதுதான் மாமா குழாயை என் தலையிலிருந்து நகர்த்தினார். பிறகு இரண்டு குழாயையும் ஒரே இணைப்பில் மாட்டிவிட்டுப் போனார். அன்று அவர் குளித்தாரா என்று எனக்கு ஞாபகம் இல்லை. நோட்டில் சோப்பு, துண்டு இரண்டுக்கும் டிக் இல்லை.

அன்றிலிருந்து நீலம், சிவப்பு இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் வெந்நீர். வெள்ளிக்கிழமைக்கு அம்மா வேறு வழி செய்தாள். இரண்டு பெரிய வாளிகளை ஹாலில் ஏசிக்குக் கீழே வைத்து, வியாழக்கிழமை மாலையே நிரப்பி மூடி போட்டுவிட்டால் காலைக்குள் ஆறிவிடும். கடைசியில் இரண்டு தட்டு ஐஸ். ஆனால் அம்மா ஒரு கிளினிக்கில் நர்ஸ், வியாழக்கிழமை நைட் டூட்டி. அதனால் நிரப்பும் வேலை எனக்கு வந்தது. நிறைந்த வாளியை என்னால் தூக்க முடியாது. குளியலறையிலிருந்து ஜக்கில் பிடித்துப் பிடித்துக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். முப்பதுக்கு மேல் நடை. நோட்டில் வாளி என்று நான்காவது கட்டம் போட்டேன். இரண்டு வாரம் ஒழுங்காக நடந்தது. மாமா நாற்பது கோப்பைக்குப் பதிலாக முப்பது ஊற்றிக்கொண்டார், சொட்டச் சொட்ட வந்து நின்றார், ஐஸ் மாதிரி என்றார். நான் துடைத்தேன்.

மூன்றாவது வியாழக்கிழமை புழுதிக் காற்று வீசியது. மாலையில் திரைச்சீலையை விலக்கினால் தெரு இல்லை. எல்லாம் மஞ்சளாக இருந்தது, பழைய போட்டோவுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல. எதிர்க் கட்டடத்தின் சுவரில் ஜன்னலுக்கு ஒன்றாக ஏசிப் பெட்டிகள் துருத்திக்கொண்டிருந்தன. புழுதி மறைப்பதற்குள் எண்ணிவிட வேண்டும் என்று தோன்றியது. மேல் வரிசையிலிருந்து தொடங்கினேன். நான் எண்ண எண்ண, எண்ணி முடித்த வரிசை கரைந்துபோனது. நான் எண்ணுவதால்தான் அவை மறைகின்றன என்று ஒரு சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே ஒன்றைத் தவறவிட்டுப் பார்த்தேன். அதுவும் மறைந்தது. நெற்றியைக் கண்ணாடியில் வைத்தேன், கதகதப்பாக இருந்தது. எங்கள் ஏசியின் ஓசை கடல் ஓசைபோல ஏறி இறங்கியது. கண் விழித்தபோது வெள்ளிக்கிழமை காலை.

அப்பா மீன் வாங்கப் போயிருந்தார். முந்தின மாலை அவர் தாமதமாக வந்திருக்க வேண்டும். மூடி போட்ட வாளிகளைப் பார்த்து நிறைந்திருப்பதாக எண்ணியிருப்பார். அம்மா டூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாளியின் நினைவு எனக்குக் காலிங்பெல் அடித்தபோதுதான் வந்தது.

காலி வாளிகளைக் குளியலறைக்கு இழுத்துப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஓடிவந்து கதவைத் திறந்தேன். மாமா செருப்பைக் கழற்றினார், சட்டையிலிருந்த புழுதியை வெளியிலேயே தட்டினார், ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டில் எடுத்து நின்றபடியே குடித்தார். அதற்குள் இரண்டு தட்டு ஐஸையும் வாளியில் கொட்டினேன். சடசடவென்று ஒரு சத்தம். குனிந்து பார்ப்பதற்குள் ஐஸ் இல்லை. விரலை விட்டேன். எடுத்துவிட்டேன்.

“தண்ணி ரெடியா, சூப்பர்வைசரம்மா?”

“ரெடி மாமா.”

அவர் உள்ளே போனார். வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு கோப்பை விழும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. கத்துவார், கதவைத் திறப்பார், அம்மா எழுந்துகொள்வாள் என்று வரிசையாக நினைத்துக்கொண்டு முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து இரண்டாவது கோப்பை. வேகமில்லாமல், சொட்டுச் சொட்டாக. பதினொன்றுவரை எண்ணினேன். எப்போதும் எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார். தலைமுடி படிய வாரியிருந்தது. தோள் மட்டும் சிவந்திருந்தது. அம்மா எழுந்து டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

“எப்படிடா இருந்துச்சு தண்ணி? நேத்தும் இவதான் நெரப்புனா.”

“ஐஸ் மாதிரி இருந்துச்சுக்கா.”

நான் குளியலறைக்குள் போனேன். ஒரு வாளி தொடப்படாமலே இருந்தது. விரலை விட்டேன். இன்னும் சுட்டது.

இதற்கு ஒரு விளக்கம் இருக்க வேண்டும் என்று நோட்டை எடுத்தேன். ஒன்று, தண்ணீர் சுடுகிறது. இரண்டு, மாமா ஐஸ் என்கிறார். மூன்று, மாமா ஹீட்டர் வேலை பார்ப்பவர், தண்ணீர் விஷயத்தில் தவறமாட்டார். ஆக, கேம்பில் தண்ணீர் இதைவிடப் பல மடங்கு கொதிக்கிறது. அதில் குளிப்பவருக்கு எங்கள் வீட்டு வெந்நீரே ஐஸ். இதை நானாகவே கண்டுபிடித்ததில் பெருமையாக இருந்தது. ஒரே ஊர், ஒரே வெயில், வெயிலில் நிற்கும் தொட்டிகள். இரண்டு தண்ணீருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இருக்க வழியே இல்லை என்று இன்றைக்கு ஒரே வரியில் எழுதிவிடலாம். அன்று என்னிடம் அந்த வரி இல்லை.

தேவையில்லாத வேலையை யாரும் செய்வதில்லை. அடுத்த வியாழக்கிழமையிலிருந்து வாளி நிரப்புவதை விட்டுவிட்டேன். டூட்டியிலிருந்து அம்மா போன் செய்து கேட்டால், ஆச்சும்மா என்பேன். பொய் சொல்வதாகவே தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா தூங்கும் நேரத்தில் குழாயிலிருந்து நேராகப் பிடித்து வைப்பேன். பள்ளியும் திறந்துவிட்டது, வீட்டுப்பாடம் வேறு. மாமா வந்தார், ரெடியா என்றார், உள்ளே போனார், ஐஸ் என்றார். இப்படி நான்கு வெள்ளிக்கிழமைகள். இந்த நான்கிலும் எனக்கு இன்னொரு வசதி கிடைத்தது. மாமா கடைசியில் தலையைத் துவட்டப் பழகிவிட்டார். முடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் வெளியே வருவார், தரை காய்ந்து கிடக்கும். துடைப்பான் கட்டத்தில் நான்கு வாரம் கோடு போட்டேன்.

செப்டம்பர் முடிவதற்குள் ஓனர் ஊர் திரும்பிவிட்டார். ஒரு திங்கட்கிழமை நாத்தூர் இரண்டு ஆட்களோடு வந்து, பழையதைக் கழற்றிப் புதிய ஹீட்டரை மாட்டிப் போனார். பாத்தியா, ஒரு ஃபில்ஸ் செலவில்லை என்றார் அப்பா. உண்மைதான். இன்று நான் எஸ்டிமேட் எழுதினாலும் அந்த வேலைக்கு நேரே பூஜ்யம்தான் போடுவேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. சுவிட்சைப் போட்டுப் பார்க்கப்போன அப்பாவை அம்மா கையைப் பிடித்துத் தடுத்தாள். செவ்வாய்க்கிழமை மாலை சிவப்புக் குழாயின் கழுத்தில் பழைய துப்பட்டாக் கிழிசல் ஏறியது.

வெள்ளிக்கிழமை மாமா வந்து, ஸ்டூலில் ஏறாமலே ஹீட்டரை அண்ணாந்து பார்த்தார். அடியை ஒரு தடவை தடவினார். பிறகு முடிச்சை அவிழ்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கோப்பைகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. நாற்பதுவரை எண்ணினேன், அதற்கு மேலும் விழுந்துகொண்டிருந்தது, எனக்குத்தான் சலித்துவிட்டது.

வெளியே வந்தபோது முடியிலிருந்து தண்ணீர் ஓடியது. கழுத்து வழியாக, முதுகு வழியாக, கணுக்காலைச் சுற்றித் தரையில் ஒரு குளம். ஏசிக்கு நேராகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தண்ணி எப்படிடா என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள். அவர் ஏசிக்கு இன்னும் ஓர் அடி நெருங்கினார். அம்மா எட்டிப் பார்த்து, தலையத் துவட்டுடா என்றாள்.

நான் துடைப்பானை எடுத்துவந்தேன். கோபமாக இருந்தது. அவர் காலைச் சுற்றித் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

“நாலு வாரமா ஒழுங்காத்தானே துவட்டிட்டு வந்தீங்க மாமா? இன்னைக்கு மட்டும் என்ன?”

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சிரித்தார். “மறந்துபோச்சு, சூப்பர்வைசரம்மா.”

அறைக்குள் போய் நோட்டைத் திறந்தேன். துடைப்பான் கட்டத்தில் டிக் போட்டேன். பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, சிறிய எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன்: மாமாவுக்குக் கவனம் போதாது.